அடிக்காமல் விட்ட ஒரு சாண்

1

ஈஸ்வரபாண்டி எனக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். இந்தக் கதை அந்தப் பாக்கியிலிருந்துதான் முளைத்தது. பாக்கி அப்போதே வசூலாகியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். காசு செலவாகியிருக்கும். தேவாரம் என்கிற ஊரில் அப்படி ஒரு வீடு இருப்பதும் மறந்துபோயிருக்கும்.

என் பெயர் முத்துக்கருப்பன். நான் பெயிண்டர். படம் வரைகிற பெயிண்டர் இல்லை, சுவருக்கு அடிக்கிற பெயிண்டர். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று காலம் போய்விட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க ஐம்பது தாண்டித்தான் வந்தது. அதனால் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, தள்ளி நின்று, திட்டுத் திட்டாகத் தெரிகிறதா என்று பார்க்கிற பழக்கம் இருக்கிறது. தெரிந்தால் இன்னொரு கோட்டிங். சில இடங்களில் அலுத்துப்போய் அப்படியே விட்டிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பாக்கியோடு ஒரு புத்தகமும் காரணம். கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்து நூலக அறைக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தேன். அலமாரியை நகர்த்தும்போது அடியில் கிடந்தது. முன் அட்டை இல்லை. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. டீச்சரிடம் காட்டினேன். "கரையான் தின்னது போக மிச்சம். வேணும்னா எடுத்துக்கங்க" என்றார்.

நூறு வருசத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஐரோப்பாவில் சில பேர் படத்திலிருந்து ஆள், மரம், வீடு, குதிரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் நிறத்தையும் கோட்டையும் மட்டும் மிச்சம் வைத்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. அரூப ஓவியம் என்று பெயர். படங்களும் இருந்தன, கறுப்பு வெள்ளையில். நிறத்தைப் பற்றிய புத்தகத்தில் நிறம் இல்லை.

படிக்கும்போது எனக்கு ஈஸ்வரபாண்டி வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்தாற்போல் பாக்கி ஞாபகம் வந்தது.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன்.

அ. "தேவாரத்தில் ஒரு வீடு இருந்தது." இருந்தது என்றால் இப்போது இல்லை என்று ஆகிவிடும். வீடு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஆ. "மழைக்கு முன்னால் மலை தெரிகிற நிறத்தில் ஒரு சுவரில்" — இங்கே நிறுத்திவிட்டேன். அந்த நிறம் மலை மாதிரி இல்லை. 'மாதிரி' என்று எழுதினால் நிறம் ஓடிப்போகிறது, மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இ. "சுவர். அதில் ஒரு சாண் நிறம்."

இது எனக்குப் பிடித்திருந்தது. புத்தகத்து ஆட்கள் செய்த மாதிரி, ஆளையே எடுத்துவிட்டு ஒரு கதை. இரண்டு பக்கம் எழுதி என் வீட்டுக்காரி மொக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு வீட்டுச் சொவரு?"

"அது தேவையில்ல."

"சொவருன்னா வீடு இருக்கும். வீடுன்னா ஆளு இருக்கும். ஆளு எங்கன?"

"இது ஆளில்லாத கதை."

"ஆளில்லாத வீட்டுக்கு நீ என்னத்துக்குப் போயி பெயிண்ட் அடிச்ச? அதான் காசு வரல."

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். ஆட்களைக் கொண்டுவருகிறேன். அதிகம் இல்லை.

வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி, ஏலக்காய் வாங்கி விற்கிறவர். சின்ன வியாபாரம். அவர் வீட்டம்மா மாரீஸ்வரி. மூத்தவள் நாகஜோதி. இளையவன் சசிதரன், தேனியில் ஒரு பைனான்ஸ் ஆபீசில் வேலை. நான் ஏணியோடு நிற்கிறேன். போதும்.

3

சில வருசத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு முழு வேலை பேசினேன். வெளிப்பக்கம் முடித்தாயிற்று. உள்ளே ஹால் சுவரில் மேடு பள்ளம் அடைக்கப் பட்டி பூசி, பிரைமர் அடித்து வைத்திருந்தேன். எந்த நிறம் என்று முடிவாகவில்லை. நாகஜோதி அப்போது பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

"ஏன் பெரியப்பா, எல்லாரு வீட்டுக்கும் இதே சந்தனக் கலரையே அடிக்கிறீக? ஊரே சந்தனம் பூசிக்கிட்டு நிக்கிது."

"கேக்குறதத்தான் தாயி அடிக்கிறோம்."

"நான் ஒண்ணு கேட்டா?"

கேட்கவில்லை, அவளே செய்தாள். பழைய மக்கில் மிச்ச வெள்ளை எமல்ஷனை ஊற்றி, நிறம் ஏற்றுகிற நீல ஸ்டெய்னரைப் பிதுக்கி, ஜன்னல் அடியில் அடித்த காவியில் கொஞ்சம் சேர்த்து, இன்னும் என்னவோ சேர்த்தாள், நான் பார்க்கவில்லை. விளக்குமாற்றுக் குச்சியால் கிண்டினாள்.

"நல்லாக் கலக்கு. இல்லாட்டி வரி வரியா நிக்கும்."

"நிக்கட்டும், என்னா இப்ப?"

இரண்டு இஞ்சு பிரஷ்ஷால் ஹால் சுவரில் ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம் அடித்தாள். தள்ளி நின்று பார்த்தாள். எனக்கு அது நிறமாகவே தெரியவில்லை. கலக்கத் தெரியாதவள் கலக்கினதாகத்தான் தெரிந்தது.*

"இது என்னா கலரு?" என்றேன்.

"பேரெல்லாம் இல்ல. நல்லாருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

நான் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கொஞ்ச நாளில் நாகஜோதி போடிக்குப் போய்விட்டாள். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன் விஜய்ராஜ், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கல்யாணம் அங்கேயே நடந்தது. ஈஸ்வரபாண்டி என்னைக் கூப்பிட்டு, வேலையை நிறுத்தச் சொன்னார். மகள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். "பாக்கிய ஹால் முடிச்சதும் வாங்கிக்க."

(நாகஜோதி இந்தக் கதையில் இனிமேல் வரமாட்டாள். வரவழைத்துப் பார்த்தேன். பையோடு வாசலில் நின்றாள், எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.)

* கத்தரிப்பூ என்று எழுதி அடித்தேன். புறாக் கழுத்து என்று எழுதி அடித்தேன். துவைத்துத் துவைத்து வெளுத்த போலீஸ்காரர் நிக்கர் என்றும் எழுதினேன், அது மொக்கம்மாள் சொன்னது. எதுவும் இல்லை. நீலமா என்று கேட்டால் இல்லை என்பேன், நீலம் இல்லையா என்று கேட்டால் நீலம்தான் என்பேன்.

4

அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை பாக்கி கேட்டுப் போவேன். ஒவ்வொரு முறையும் மாரீஸ்வரி ஒரு நிறத்தைச் சொல்வார். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். கலர் கார்டில் பார்ப்பது வேறு, சுவரில் பார்ப்பது வேறு. அதனால் ஒரு சாணுக்கு அடித்துக் காட்டுவோம். காய்ந்ததும் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள்.

மாரீஸ்வரி சரி என்று சொன்னதே கிடையாது.

"இது கண்ணக் கூசுதுண்ணே."

"இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்குண்ணே."

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் ஒரு மாதிரி ஆயிருது."

"சாயங்காலம் எல்லாமே ஒரு மாதிரி ஆகும் தங்கச்சி."

"அப்படி ஆகாத கலரு இல்லியா?"

இப்படியே அந்தச் சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாகப் பல நிறம் ஏறிவிட்டது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பெயிண்டுக் கடையா நடத்துறீக?" என்று கேட்பார்கள். மகள் அடித்த சதுரத்தின் மேல் மட்டும் அடிக்க விடமாட்டார். "அங்கன வேணாம், ஓதமா இருக்கு. இங்கன தள்ளி அடிங்க" என்பார். ஓதம் கிடையாது, சுவர் ஈரமில்லாமல் காய்ந்துதான் இருந்தது.

ஒரு தடவை, "அந்தக் கலரையே ஹால் முழுக்க அடிச்சிருங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. ஓரத்தில் ஒரு செதில் சுரண்டி, தாளில் மடித்து, தேனியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு நம்பர் சொன்னது. அந்த நம்பருக்குக் கலக்கி வாங்கி வந்து பக்கத்தில் ஒரு சாண் அடித்தேன். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது இல்லை. நாகஜோதி சரியாகக் கலக்காததால் நீலம் ஒரு வரியாகவும் காவி ஒரு வரியாகவும் நின்றது. மெஷின் எல்லாவற்றையும் சரியாகக் கலக்கிவிட்டது.

மாரீஸ்வரி இரண்டையும் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதன் மேல் ஒரு கை அடித்துவிட்டால் திரும்ப வராது. யார் நினைத்தாலும் வராது.

5

கதையை நிறுத்திவிட்டுப் புத்தகத்துக்குப் போகிறேன். இங்கே ஒரு இடைவெளி வேண்டும், பட்டி காய.

ரஷ்யாவில் ஒருவர் 1915ஆம் வருசம் வெள்ளையில் ஒரு கறுப்புச் சதுரம் வரைந்து காட்சிக்கு வைத்தாராம். அதை மாட்டிய இடம் அறையின் மேல் மூலை. அந்த ஊர் வீடுகளில் சாமி படம் மாட்டுகிற மூலை அது. இப்போது அந்தப் படம் வெடித்துக் கிடக்கிறதாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அடியில் வேறு படங்கள் இருந்தனவாம். அடிக் கோட்டிங் காயாமல் மேல் கோட்டிங் அடித்தால் வெடிக்கும். எங்கே அடித்தாலும் வெடிக்கும்.

ஸ்வீடனில் ஒரு அம்மா அதற்கும் முன்னாலேயே, 1906லிருந்து, வட்டமும் சுருளுமாக, ஆளை விட உயரமான படங்கள் வரைந்தார். தான் செத்து இருபது வருசம் கழியும்வரை அவற்றை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இப்போது ஊர் உலகம் வரிசையில் நின்று பார்க்கிறது.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குத் தோன்றியது. எங்கள் குலசாமிக்கு முகம் கிடையாது, கல்தான். தேவதானப்பட்டி காமாட்சியம்மன் கோவிலில் சாத்திய கதவுக்குத்தான் பூசை. கதவைத் திறப்பதில்லை. அந்தக் கதவின் முன்னால் நின்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உருவம் எங்கே என்று கேட்டதே இல்லை.

ஆனால் யோசித்தால் இரண்டும் ஒன்றில்லை. கதவுக்குப் பின்னால் அம்மன் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியும். அந்தப் படங்களுக்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் அந்த ஆட்களில் சிலர் பாடுபட்டிருக்கிறார்கள். நிறம் நிறமாகவே இருக்கணும், எதற்கும் பதிலாக நிற்கக் கூடாது.

மாரீஸ்வரி வீட்டுச் சதுரம் இதில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இந்தப் பகுதியை இதைவிட நன்றாக முடித்திருப்பேன்.

6

வீட்டம்மாதான் வேலையை இழுத்தடிக்கிறார், அதனால்தான் ஈஸ்வரபாண்டி காசு தரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கதையையும் அப்படித்தான் எழுதினேன்.

பிறகு ஒரு மத்தியானம் போனேன். கதவு திறந்திருந்தது. மாரீஸ்வரி வெளியே போயிருந்தார். ஈஸ்வரபாண்டி ஹாலில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். டிவி ஓடவில்லை. முகம் அந்தச் சுவரைப் பார்த்து இருந்தது. நான் செருமினேன். எழுந்து வேட்டியை இறுக்கினார்.

"ஓதம் ஏறுதான்னு பாத்தேன்."

"படுத்துக்கிட்டா மொதலாளி?"

"ஓதம் கீழ இருந்துதானய்யா ஏறும்."

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். "காசப் பத்தி இப்பப் பேச வேணாம் மொதலாளி. சந்தனக் கலர் ஒரு வாளி கடனுக்கு வாங்கி வந்து நாளைக்கே முடிச்சிர்றேன். நீங்க மெதுவாக் குடுங்க."

நல்ல பேச்சுத்தானே? அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசு வாங்காம வேல செய்யிற ஆளா நீ? ஊருக்குள்ள என்னைய என்னா சொல்லுவாக? ஏலக்கா வெல ஏறட்டும், குடுக்கிறேன். குடுத்த பெறகு அடி. அதுவரைக்கும் பிரஷ்ஷத் தொடக் கூடாது."

வீட்டுக்கு வந்து மொக்கம்மாளிடம் சொன்னேன்.

"ஏலக்கா வெல போன மாசமே ஏறிப்போச்சே" என்றாள்.

(எனக்கு ஈஸ்வரபாண்டி மேல் சந்தேகம் இருக்கிறது. அவர் படுத்திருந்தது நிஜம். எதைப் பார்த்தார் என்பது நான் எழுதுவது. மனுசர் சும்மா தூக்கம் வராமல்கூடப் படுத்திருக்கலாம். புத்தகத்தில் இன்னொரு ரஷ்யாக்காரர் வருகிறார், ஜெர்மனியில் இருந்தவர். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அறைக்குள் வந்தால், சுவர் ஓரம் ஒரு அபாரமான படம். எதன் படம் என்று பிடிபடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அவர் வரைந்ததேதான், பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்திருக்கிறது. மறுநாள் பகலில் எப்படித் திருப்பிப் பார்த்தும் அந்த அழகு வரவில்லையாம். படத்துக்குள் இருக்கிற பொருள்தான் படத்தைக் கெடுக்கிறது என்று அன்றைக்கு முடிவு கட்டினாராம். இதைப் படித்த பிறகுதான் ஈஸ்வரபாண்டி ஒருக்களித்துப் படுத்திருந்ததை நான் கதைக்குள் எடுத்தேன். அதனால் இந்த இடத்தை அரைகுறையாக நம்பினால் போதும்.)

ஒன்று மட்டும் உறுதி. அவர் காசு கொடுத்தால் நான் அடித்து முடித்துவிடுவேன். கொடுக்காதவரை சுவர் அப்படியே இருக்கும். வீட்டம்மா நிறம் சொல்லி இழுத்தார், வீட்டுக்காரர் பாக்கி வைத்து இழுத்தார். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. நடுவில் என்னுடைய ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது.

7

போன ஆனி மாதம் சசிதரன் போன் செய்தான்.

"பெரியப்பா, வெள்ளிக்கெழம ஜெயமங்கலத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரக வீடு பாக்க வர்றாக. அதுக்குள்ள ஹாலை அடிச்சுத் தள்ளிருங்க. பழைய பாக்கியும் சேத்து நான் தர்றேன்."

வியாழக்கிழமை வாளியோடு போனேன். அம்மாவும் பிள்ளையும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்தது.

"அக்கா பேச்சே வரக் கூடாதும்மா. புரோக்கர்ட்ட ஒத்தப் பிள்ளன்னுதான் சொல்லியிருக்கு."

"ஒத்தப் பிள்ளயா?"

"ஒரு பொண்ணு இப்படிப் போச்சுன்னா யாரும்மா பொண்ணு குடுப்பாக?"

"அப்ப நான் ஒருக்காத்தான் பெத்தேனா?"

"ஆத்தா, உன்னயக் கும்புடுறேன். கல்யாணம் முடியிற மட்டும்."

மாரீஸ்வரி வெளியே வந்தார். "எந்தக் கலரா இருந்தாலும் அடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் சந்தனம் கொண்டுபோயிருந்தேன்.

மூன்று சுவர் முடித்து நாலாவதுக்கு வந்தேன். சதுரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கண்ணைக் கூசினது போனது, ஆஸ்பத்திரி போனது, மெஷின் கலக்கினது போனது. கடைசியில் அந்த ஒரு சாண் மட்டும் நின்றது. சுற்றிலும் எல்லாம் ஒரே நிறமான பிறகு அது தனியாக நின்றதைப் பார்த்தேன். அத்தனை நாளில் முதல் தடவையாக, நாகஜோதி கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பேன் என்று

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. விட்டுவிடுகிறேன்.)

ரோலரை எடுத்தேன். ஈஸ்வரபாண்டி வாசலில் இருந்து உள்ளே வந்தார்.

"போதும் முத்துக்கருப்பா."

"ஒரு சாண்தான மொதலாளி."

"மத்தியானத்துக்கு மேல அடிச்சா வாசம் போகாது. வர்றவகளுக்குத் தலைய வலிக்கும்."

"இம்புட்டுச் சொவரு அடிச்சாச்சு. இந்த ஒரு சாணா வாசம் அடிக்கப் போகுது?"

"ஒரு சாணும் வாசம் அடிக்கும்யா!"

கொல்லைப் பக்கத்து வாசலில் மாரீஸ்வரி நின்றுகொண்டிருந்தார். புருசனையே பார்த்தார். இவரும் இப்படித்தானா என்கிற பார்வை. அவர் திரும்பவில்லை.

சசிதரன் சாயங்காலம் வந்து தலையில் அடித்துக்கொண்டான். அப்பாவிடம் பேசி ஜெயிக்க முடியவில்லை. நகைக்கடையில் கொடுத்த பெரிய மாதக் காலண்டரைக் கொண்டுவந்து, புதுப் பெயிண்டில் ஆணி அடித்து, அந்தச் சதுரத்தை மறைத்து மாட்டினான். சரியாக மறைத்தது. வேலை முடியவில்லை, அதனால் காசும் வரவில்லை. ஏணியைக் காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

8

அந்தப் பையனுக்கு விவரம் பற்றவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் அந்த வீட்டில் வேறு எதைத் தொடாவிட்டாலும் காலண்டரைத் தொடுவார்கள்.

வெள்ளிக்கிழமை நான் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஹால் வழியாக வரும்போது அவர்கள் பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. வழி மறிக்கக் கூடாதென்று ஓரத்தில் ஒதுங்கினேன். பெண்ணின் அம்மா, அக்கம்மாள் என்று பெயர், காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆவணியில மொத மூர்த்தம் என்னைக்கு வருது? பாப்பமே."

"நான் பாத்துச் சொல்றேன் அத்தை" என்று சசிதரன் பாய்ந்தான்.

"இருய்யா மாப்பிள்ள, இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள அத்தையா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே அக்கம்மாள் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை போல. வெளிச்சத்தில் பார்க்கிறதுக்காக ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துவிட்டார்.

எடுத்தவர் ஆவணியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"இதென்னா, இங்கன மட்டும் அடிக்காம விட்டிருக்கு?"

சசிதரன் ஏதோ சொல்ல வந்தான். ஈஸ்வரபாண்டி முந்திக்கொண்டார்.

"அது பெயிண்டரு வேலங்க. பாக்கி கொஞ்சம் குடுக்கணும். குடுத்தாத்தான் முடிப்பேன்னு ஒரு சாண விட்டுட்டுப் போயிட்டான். அந்தா, ஏணியோட நிக்கிறான் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கம்மாள் மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு சாணுக்கா மல்லுக்கு நிக்கிறீக? நாங்களும் மாடி எடுக்கிறோம். நல்ல பெயிண்டராத் தேடிக்கிட்டு இருக்கோம்." தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இந்த மாதிரி ஆளுகளக் கூப்புட்டுறாதீக" என்றார்.

இந்த இடத்தை மூன்று தடவை எழுதினேன். ஒரு தடவை நான் நாகஜோதியை நினைத்துக்கொண்டதாக எழுதினேன். ஒரு தடவை மாரீஸ்வரி முகத்தைப் பார்த்ததாக எழுதினேன். நடந்தது வேறு. வேலையைப் பாதியில் விட்டவன் என்று என்னை ஒருத்தரும் சொன்னது கிடையாது. ஜெயமங்கலத்தில் ஒரு மாடி வேலையும் கைவிட்டுப் போகிறது. அதுதான் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை.

"எனக்குப் பாக்கி ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "எல்லாம் தீந்துபோச்சு. அடிக்க வேணாம்னு சொன்னாக, விட்டேன்."

ஈஸ்வரபாண்டி வாய் பாதி திறந்தபடி நின்றது. பிடித்து நிற்க அவருக்கு இருந்த ஒரே கொம்பு என் பாக்கி. அதை நான் உருவிவிட்டேன்.

"யாரு வேணாம்னது? எதுக்கு?" என்றார் அக்கம்மாள். சாதாரணமாகத்தான் கேட்டார்.

மாரீஸ்வரி தட்டைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"எம் மூத்தவ அடிச்சதுங்க அது. அவளா கலக்குன கலரு. நாகஜோதின்னு பேரு. போடியில கட்டிக்கிட்டுப் போயிருக்கா." பிறகு, "காபி ஆறுது, குடிங்க" என்றார்.

9

இதற்கு மேல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த முடிவுகளை இங்கே வைக்கிறேன். ஒரு சாண் ஒரு சாணாக அடித்துக் காட்டுவதுதான் எங்கள் வழக்கம்.

முதலாவது: அக்கம்மாள் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, "மூத்தவளுக்குப் பிள்ளைக இருக்கா?" என்று கேட்டார். ஆவணியில் கல்யாணம்.

அடுத்தது: அவர்கள் காபியைக் குடித்து முடித்து, நல்ல விதமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் புரோக்கர் வந்து, ஜாதகம் சேரவில்லை என்றார். சசிதரன் அம்மாவிடம் பேசுவதில்லை.

இன்னொன்றில், அக்கம்மாள் எழுந்துபோய் அந்தச் சதுரத்தைத் தொட்டுப் பார்த்து, "வரி வரியா இருக்கே" என்கிறார். மற்றது எதுவும் இல்லை. இது எனக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

மொக்கம்மாளுக்கு மூன்றையும் வாசித்தேன்.

"எது நெசம்?"

"மூணுல ஒண்ணு."

"நீதான அங்கன நின்ன?"

"நான் ஏணியத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன்."

"ஆறாயிரத்து எழுநூத்து நாப்பது ரூவாய அத்தன பேரு முன்னால தண்ணியில விட்டுட்டு, என்னா ஆச்சுன்னுகூடப் பாக்காம வந்தியா? நல்லா எழுதுறய்யா கத."

கல்யாணம் நின்றதா, நடந்ததா என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் எழுதப் போவதில்லை. எழுதினால் மாரீஸ்வரி சொன்ன அந்த ஒரு பேச்சு நல்லதா கெட்டதா என்று கல்யாணத்தை வைத்துத்தான் அளப்பீர்கள். அவர் சொன்னார், அவ்வளவுதான். மிச்சச் சுவர் உங்களுடையது, வேண்டிய நிறத்தை அடித்துக்கொள்ளுங்கள்.

10

பிறகு ஒரு நாள் தேவாரம் பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரபாண்டியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சட்டைப் பையில் கை விட்டார். ரப்பர் பேண்டு போட்ட கத்தை. முன்பே எண்ணி வைத்திருந்தார் போல.

"இந்தா, எண்ணிக்க."

"எனக்கு இல்ல மொதலாளி."

"வெளயாடாத. ஒன் ஒழப்புக் காசு."

"பாக்கி இல்லன்னு பத்துப் பேரு முன்னால சொல்லிட்டேன். இப்ப வாங்குனா அது பொய்யாப் போயிரும்."

"பொய்தானய்யா அது!"

"வாங்குனாத்தான பொய்யி."

அவர் கத்தையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அந்தக் கலரு, அது எப்பிடிக் கலக்குனதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது மொதலாளி. நீலமும் காவியும் போட்டதப் பாத்தேன். இன்னும் என்னமோ போட்டுச்சு. கலக்குனவுகளத்தான் கேக்கணும்."

அவர் பணத்தைப் பையில் போட்டார். அந்நேரம் போடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி ஊர் பெயரைக் கூவினார். நான் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறினாரா என்று கேட்காதீர்கள். என் பக்கத்தில் உள்ளதை மட்டும் என்னால் முடித்துக் கொடுக்க முடியும். ஈஸ்வரபாண்டி கணக்கில் ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் தள்ளுபடி.